குழி வெட்டியது யார்? விண்டோஸ், லினக்ஸ் கர்னல் கிராஷ்கள்: ஓர் ஒப்பாய்வு

பிராசசருக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற பேதம் கிடையாது. கர்னலுக்குள் ஏற்றிய ஒரு டிரைவர், இல்லாத முகவரியிலிருந்து நான்கு பைட் படிக்கப் போனால், இன்டெல் சிப் இரண்டு சிஸ்டத்திலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. பேஜ் ஃபால்ட் எழுப்பும்; கேட்ட முகவரியை சிஆர்2 ரெஜிஸ்டரில் போட்டு வைக்கும்; மேற்கொண்டு என்ன செய்வது என்பதைக் கர்னலிடம் விட்டுவிடும். அந்த நொடிக்குப் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன.

சாதாரண அப்ளிகேஷன் விழுந்தால் அதை மட்டும் மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். கர்னல் மாட்யூலுக்கு அந்தச் சலுகை இல்லை. டிஸ்க்கை ஆளும் டிரைவர், நெட்வொர்க் கார்டை ஆளும் டிரைவர், வைரஸ் தடுப்பு மென்பொருளின் டிரைவர், கர்னலின் சொந்த நிரல் எல்லாம் ஒரே முகவரி வெளியில், ஒரே அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஒன்று எல்லை மீறி எழுதினால் இன்னொன்றின் தரவு கெடும். விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போது பதிவான கிராஷ்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்களே காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் நூக்ஸ் ஆய்வுக் கட்டுரையில் குறிப்பிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஸ்டான்ஃபோர்டு குழு லினக்ஸ் நிரலை அலசி, டிரைவர்களில் பிழை விகிதம் கர்னலின் மற்ற பகுதிகளைவிட மூன்று முதல் ஏழு மடங்கு வரை அதிகம் என்று காட்டியிருந்தது. நோய் இரண்டுக்கும் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்கும் முறையில்தான் வேறுபாடு. தடயத்தைச் சிதறாமல் எடுத்து வைப்பதில் விண்டோஸ் கெட்டி. கையில் கிடைத்த தடயத்தை வைத்துக்கொண்டு கடைசி வரை போக விடுவது லினக்ஸ். என் கணிப்பு இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

விண்டோஸ் உடனே நின்றுவிடும். மற்ற கோர்களையும் நிறுத்திவிட்டு, பக் செக் எனப்படும் ஒரு குறியெண்ணையும் அதனுடன் நான்கு எண்களையும் பதிந்துகொண்டு, திரையை மாற்றி, நினைவகத்தை டிஸ்க்கில் கொட்டி, ரீபூட் ஆகிவிடும். கர்னலின் நினைவகத்தில் ஓரிடம் கெட்டது தெரிந்துவிட்டால், வேறு எங்கெல்லாம் கெட்டிருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த நிலையில் ஓடவிட்டால் கெட்ட தரவு ஃபைல் சிஸ்டத்துக்குள் போய்ச் சேரும் என்ற பயம் அதற்கு.

லினக்ஸின் இயல்பு வேறு. அது ஊப்ஸ் என்ற ஓர் அறிக்கையை லாகில் எழுதும். தவறு நடந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸைக் கொல்லும். பிறகு தொடர்ந்து ஓடப் பார்க்கும். இன்டரப்ட் நடுவில் விழுந்தாலோ, எல்லாவற்றுக்கும் தாயான முதல் பிராசஸே செத்தாலோதான் பானிக் ஆகி நிற்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக இதையே வலியுறுத்துகிறார்: சந்தேகம் வந்தவுடன் கர்னலைச் சாகடிக்கும் நிரலை எழுதாதே, எச்சரித்துவிட்டுத் தொடர விடு. வீட்டுக் கணினியில் இது நல்ல பழக்கம். வெப்கேம் டிரைவர் விழுந்ததற்காக எழுதிக்கொண்டிருந்த கட்டுரை போகக் கூடாது அல்லவா?

ஆனால் காரணம் தேடுபவருக்கு இந்தத் தாராளம் தலைவலி. கொல்லப்பட்ட பிராசஸ் கையில் ஒரு மியூடெக்ஸ் பூட்டு இருந்தால் அதைத் திறக்க இனி ஆளில்லை. பத்து நிமிடம் கழித்து, சம்பந்தமே இல்லாத இன்னொரு பிராசஸ் அதே பூட்டுக்காகக் காத்து நின்று உறையும். பார்ப்பவர் அந்த உறைந்த பிராசஸைத்தான் சந்தேகப்படுவார். இரண்டாவது ஊப்ஸ், மூன்றாவது ஊப்ஸ் என்று வந்துகொண்டே இருக்கும்; திரையில் எஞ்சியிருப்பது கடைசி அறிக்கை, பயன்படுவது முதல் அறிக்கை. இதற்காகத்தான் கர்னல் தன்மேல் ஒரு கறையைக் குறித்துக்கொள்கிறது: ஏற்கெனவே ஒரு முறை ஊப்ஸ் ஆகியிருந்தால், அடுத்து வரும் அறிக்கையில் 'டி' என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்தால் லாகில் மேலே போய் முதல் அறிக்கையைத் தேட வேண்டும். லினக்ஸ் கர்னலின் 6.2 பதிப்பில் 10,000 ஊப்ஸ் ஆனால் பானிக் என்று ஓர் உச்சவரம்பு வந்தது. அதற்குக் காரணம்கூடத் துப்பறிதல் அல்ல, பாதுகாப்பு: ஒவ்வொரு ஊப்ஸும் ஏதோ ஓர் எண்ணிக்கையைக் குறைக்காமல் விட்டுப் போக, அதைத் திரும்பத் திரும்பத் தூண்டி எண்ணிக்கையை வழியவிட்டு உள்ளே நுழையலாம் என்று கண்டார்கள். சர்வர் நடத்துபவர்கள் இந்த விஷயத்தில் விண்டோஸின் வழியையே பின்பற்றுவது நல்லது என்பேன்: முதல் ஊப்ஸிலேயே பானிக் ஆகும்படி அமைத்துவிடுங்கள்.

ஏனென்றால் பானிக் ஆனால்தான் நினைவகத்தின் பிரதியான டம்ப் கிடைக்கும். டம்ப் எடுப்பதில் இரண்டு சிஸ்டமும் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: செத்துக்கொண்டிருக்கும் கர்னலை நம்பி டிஸ்க்கில் எழுதலாமா? ஃபைல் சிஸ்டமே கெட்டிருக்கலாம்; டிஸ்க் டிரைவரே குற்றவாளியாக இருக்கலாம். விண்டோஸின் ஏற்பாடு நேர்த்தியானது. பூட் ஆகும்போதே, டிஸ்க்கில் பேஜ்ஃபைல் எந்தெந்த செக்டர்களில் இருக்கிறது என்று வரைபடம் எடுத்து வைத்துக்கொள்ளும். டிஸ்க் டிரைவரின் தனிப் பிரதி ஒன்றையும் நினைவகத்தில் தயாராக வைத்திருக்கும். கிராஷ் ஆனதும் ஃபைல் சிஸ்டத்தைத் தொடாமலே, அந்தப் பிரதியைக் கொண்டு நேராக அந்த செக்டர்களில் நினைவகத்தை எழுதிவிடும். அடுத்த பூட்டில் அது மெமரி டம்ப் கோப்பாக எடுக்கப்படும். பயன்படுத்துபவர் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

லினக்ஸில் 2005இல், 2.6.13 பதிப்பில், கே-டம்ப் வந்தது. அதன் யோசனை இன்னும் துணிச்சலானது: சாகும் கர்னலை நம்பவே வேண்டாம், அதன் பக்கத்திலேயே இரண்டாவது கர்னல் ஒன்றை எழுப்பு. அதற்கென்று நினைவகத்தில் ஒரு பகுதியை பூட் நேரத்திலேயே ஒதுக்கி வைப்பார்கள். பானிக் ஆனதும் பயாஸ் வழியாகப் போகாமல் நேரே அந்தச் சிறு கர்னல் எழும். பழைய கர்னலின் நினைவகம் அதன் கண்ணுக்கு ஒரு கோப்பாகத் தெரியும். வேண்டாத பக்கங்களைக் கழித்து, சுருக்கி, டிஸ்க்குக்கோ நெட்வொர்க்கில் வேறு கணினிக்கோ அனுப்பும். கோட்பாட்டளவில் இது விண்டோஸைவிட உறுதியானது. நடைமுறையில், யாராவது முன்கூட்டி அமைத்திருந்தால்தான் வேலை செய்யும். ஒதுக்கிய நினைவகம் போதாமல் இரண்டாவது கர்னலே விழுவதும் உண்டு. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இதை யாரும் அமைத்திருப்பதில்லை. திரை உறையும், கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும், பவர் பட்டனை அழுத்துவோம், தடயம் போய்விடும்.

இந்தக் குறையைத் தீர்க்க அண்மையில்தான் அக்கறை காட்டுகிறார்கள். கிராஃபிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானிக் செய்தியைத் திரையில் காட்டும் வசதி 2024இல் 6.10 பதிப்பில் சேர்ந்தது, 6.12இல் கியூஆர் கோடும் வந்தது. பூட் ஆகாமல் போனால் முழுத்திரையில் நீலத்தில் செய்தி காட்டும் நிரலை சிஸ்டம்டி 2023 டிசம்பரில் சேர்த்தது. பல ஆண்டுகள் விண்டோஸின் நீலத் திரையைக் கேலி செய்தவர்கள் நீலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 2025இல் மைக்ரோசாஃப்ட் நீலத்தை விட்டுக் கறுப்புக்குப் போய்விட்டது.

இனி அறிக்கையைப் படிப்பது. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். விண்டோஸின் டம்பை வின்டிபிஜி என்ற டீபக்கரில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால் ஒரு மாட்யூலின் பெயரைச் சொல்லும். அது குழியில் விழுந்தவரின் பெயர். வெட்டியவரின் பெயராகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு டிரைவர் தன் எல்லை தாண்டி எழுதிவிட்டு அமைதியாகப் போய்விடும்; அந்தக் கெட்ட இடத்தை முதலில் தொட்ட அப்பாவி விழும். பல நேரம் அந்த அப்பாவி விண்டோஸ் கர்னலேதான். கர்னல் கோப்பின் பெயரைப் பார்த்ததும் விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரையால் வீணான மாலைப்பொழுதுகள் எத்தனையோ.

லினக்ஸ் ஊப்ஸும் இதே வகையில் ஏமாற்றும். ஆனால் அது தரும் வரிகளில் அதிகம் படிக்கலாம். எந்த ஃபங்ஷன், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி, அந்த ஃபங்ஷனின் மொத்த நீளம் எவ்வளவு, சதுர அடைப்புக்குள் எந்த மாட்யூல் என்று எல்லாம் ஒரே வரியில் வரும். கர்னலோடு வரும் ஸ்கிரிப்ட் ஒன்றில் இதை ஊட்டினால், டீபக் தகவலோடு கம்பைல் செய்த மாட்யூலாக இருக்கும் பட்சத்தில், கோப்பின் பெயரும் வரி எண்ணும் கிடைத்துவிடும். தொடப் போன முகவரியே ஒரு சாட்சி. அது பூஜ்யமாகவோ 8, 18, 40 போன்ற சிறிய எண்ணாகவோ இருந்தால், ஏதோ ஒரு ஸ்ட்ரக்சரின் பாய்ண்டர் காலியாக இருந்திருக்கிறது. அந்தச் சிறிய எண், ஸ்ட்ரக்சருக்குள் அந்த உறுப்பு இருக்கும் தூரம். பஹோல் என்ற கருவியில் ஸ்ட்ரக்சரை விரித்துப் பார்த்தால் எந்த உறுப்பு என்று தெரிந்துவிடும். ரெஜிஸ்டர்களில் 6பி 6பி 6பி என்று வரிசையாக வந்தால், விடுவித்துவிட்ட நினைவகத்தை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள்: டீபக் வசதி இயக்கத்தில் இருக்கும்போது, விடுவித்த இடத்தைக் கர்னல் வேண்டுமென்றே அந்த எண்ணால் நிரப்பி வைக்கும். பட்டியலிலிருந்து நீக்கிய உறுப்பின் பாய்ண்டர்களில் 'டெட்' என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி ஓர் எண்ணைப் போட்டு வைப்பார்கள். அதை முகவரியில் பார்த்தால், ஒரே உறுப்பை யாரோ இரண்டு முறை நீக்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

அறிக்கை சரியாக இருந்தும் அவசரமாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. இந்திய நேரப்படி காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு 291 என்ற எண் கொண்ட சேனல் கோப்பின் புதிய பதிப்பை அனுப்பியது. 10:57க்குத் திரும்பப் பெற்றது. அந்த 78 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த கோப்பால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றே இணையத்தில் ஒரு தீர்ப்பு பரவியது: பாய்ண்டர் காலியா என்று சோதிக்கத் தவறிவிட்டார்கள், முதலாண்டு மாணவர் செய்யும் பிழை இது. ஜூலை 27 அன்று மைக்ரோசாஃப்ட் டம்பை விரித்துக் காட்டியபோது படம் மாறியது. விழுந்த வரிக்குச் சற்று முன்னாலேயே அந்தச் சோதனை இருந்தது. பாய்ண்டர் காலியாக இல்லை. அதில் குப்பை இருந்தது. காலியா என்று கேட்கும் சோதனை, குப்பையைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும்.

குப்பை எங்கிருந்து வந்தது என்பதை டம்ப் சொல்லவில்லை. வெளியாருக்குக் கிடைத்தது, சிஎஸ்ஏஜென்ட் என்ற ஃபால்கன் டிரைவரின் பெயரும், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற ஒரு பதினறும எண்ணும் மட்டும். ஃபங்ஷனின் பெயர்கூட இல்லை. விண்டோஸின் சொந்தப் பகுதிகளுக்கு, முகவரியை ஃபங்ஷன் பெயராக மாற்ற உதவும் சிம்பல்களை மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் யாருக்கும் தருகிறது. பிற நிறுவனங்களின் டிரைவர்களுக்கு அது கிடைப்பதில்லை. அதற்கு மேல் அசெம்பிளியைப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஆகஸ்ட் 6 அன்று அந்த நிறுவனமே வெளியிட்ட அறிக்கையில்தான் மூலகாரணம் தெரிந்தது: சேனல் கோப்பில் வரும் விதிகளின் வகை 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கணினியில் ஓடும் ஃபால்கன் சென்சாரின் நிரல் 20தான் தந்தது. இந்தப் பொருத்தமின்மை பிப்ரவரியில் வந்த சென்சாரின் 7.11 பதிப்பிலேயே நுழைந்துவிட்டது. அதுவரை வந்த விதிகளில் 21வது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்ற வைல்டுகார்டு இருந்ததால், யாரும் அந்த இடத்தைப் படிக்கவில்லை. ஜூலை 19 கோப்புதான் முதன்முதலாகப் படிக்கச் சொன்னது. அர்ரேயின் எல்லைக்கு வெளியே கிடந்தது முகவரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. விழுந்தது ஜூலையில், குழி பிப்ரவரியிலேயே தயார்.

விண்டோஸில் அதிகம் வரும் இன்னொரு வகை லினக்ஸில் அதே வடிவில் இல்லவே இல்லை. விண்டோஸில் கர்னல் நினைவகத்தின் ஒரு பகுதியையே டிஸ்க்குக்கு வெளியேற்றலாம். ஐஆர்க்யூஎல் எனப்படும் முன்னுரிமை மட்டம் 2 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது டிரைவர் அந்தப் பகுதியைத் தொட்டால், டிஸ்க்கிலிருந்து அதைக் கொண்டுவரக் காத்திருக்க வழியில்லை; குறியெண் ஏ அல்லது டி1 உடன் சிஸ்டம் நின்றுவிடும். இதில் கொடுமை, அந்தப் பக்கம் தற்செயலாக நினைவகத்தில் இருந்தால் எதுவும் நடக்காது. டிரைவர் எழுதியவரின் 32 ஜிபி கணினியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். வாடிக்கையாளரின் 4 ஜிபி கணினியில் நினைவகம் நெருக்கடியானதும் விழும். லினக்ஸ் தன் கர்னல் நினைவகத்தை வெளியேற்றுவதே இல்லை என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை. அங்கே அதன் உறவுக்காரர், ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடக்கூடிய ஃபங்ஷனை அழைப்பது. அதுவும் பத்தில் ஒன்பது முறை தப்பிவிடும். இரண்டு சிஸ்டத்தின் மருந்தும் ஒரே சிந்தனையில் பிறந்தவை: விண்டோஸின் டிரைவர் வெரிஃபையர், மட்டம் உயரும்போதெல்லாம் வெளியேற்றக்கூடிய பக்கங்களை வேண்டுமென்றே அகற்றி வைக்கும், லினக்ஸின் டீபக் வசதி, இந்த முறை தூங்காவிட்டாலும் தூங்க வாய்ப்பிருந்தது என்று எச்சரிக்கும்.

வெரிஃபையரைப் பற்றி லினக்ஸ்காரர்கள் பொறாமைப்படலாம். விண்டோஸ் 2000 முதல் ஒவ்வொரு கணினியிலும் அது கூடவே வருகிறது. எதையும் மறுபடி கம்பைல் செய்யாமல், சந்தேகப்படும் டிரைவரை மட்டும் தேர்ந்தெடுத்து, ரீபூட் செய்தால் போதும். அந்த டிரைவர் கேட்கும் ஒவ்வொரு நினைவகத் துண்டையும் தனிப் பக்கத்தில் வைத்து, அடுத்த பக்கத்தை வேலியாக்கிவிடும். எல்லை தாண்டி வேலியைத் தொட்டால் அந்த நொடியே பிடிபடும். மைக்ரோசாஃப்ட்டின் டிரைவர்களை விட்டுவிட்டு மற்றவற்றை நான்கைந்தாகப் பிரித்துச் சோதிப்பதுதான் நல்லது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் கணினி நகராது.

லினக்ஸில் இதற்கு இணையாகச் சொல்லப்படும் கேசான் 2015இல், 4.0 பதிப்பில் வந்தது. அதற்குக் கர்னலையே அந்த வசதியோடு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை நிழல் பதிவேடாக எடுத்துக்கொள்ளும். வேகமும் நன்றாகக் குறையும். ஓடிக்கொண்டிருக்கும் வங்கி சர்வரில் யாரும் போட மாட்டார்கள். ஆனால் அது தரும் அறிக்கையைப் பார்த்துவிட்டால் இந்தச் சிரமமெல்லாம் மறந்துபோகும். விடுவித்த நினைவகத்தைத் தொட்டால், தொட்டது யார், முதலில் அந்த இடத்தை வாங்கியது யார், விடுவித்தது யார் என்று மூன்று அழைப்புத் தடங்களையும் தனித்தனியாக எழுதிவிடும். நான் பார்த்த வரையில் விழுந்தவரையும் வெட்டியவரையும் ஒரே தாளில் காட்டும் அறிக்கை இதுதான். உற்பத்திச் சர்வர்களுக்கென்று 5.12இல் கே-ஃபென்ஸ் வந்தது. அது எல்லா ஒதுக்கீட்டையும் கண்காணிக்காமல், அவ்வப்போது ஒன்றை எடுத்து வெரிஃபையரைப் போலவே வேலிப் பக்கங்களுக்கு நடுவில் வைக்கும். ஒரு கணினியில் பிடிபட நாளாகும். ஆயிரம் சர்வர் வைத்திருப்பவருக்கு அது குறையில்லை.

ஓடுவதற்கு முன்பே பிழையைப் பிடிப்பதில் மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய பாய்ச்சல் செய்தது. டிரைவர் தன் பூட்டை இரண்டு முறை திறக்கிறதா, கர்னலின் விதிகளை எந்தப் பாதையிலாவது மீறுகிறதா என்று நிரலைக் கணித முறையில் சரிபார்க்கும் ஸ்லாம் திட்டம் அது. தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜாமணியும் நடத்தினார்கள். ராஜாமணி கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். அதிலிருந்து வந்த ஸ்டாட்டிக் டிரைவர் வெரிஃபையர், டிரைவர் எழுதும் கருவித் தொகுப்போடு சேர்ந்தது. டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். ஆனால் கையொப்பம் யார் எழுதியது என்று சொல்லுமே தவிர, சரியாக எழுதினாரா என்று சொல்லாது. ஃபால்கன் டிரைவர் மைக்ரோசாஃப்ட்டின் சான்றிதழ் சோதனையைத் தாண்டியதுதான். அது படித்த சேனல் கோப்பு அந்தச் சோதனைக்குள் வரவில்லை. லினக்ஸ், மாட்யூலின் நிரலைக் கர்னல் மரத்துக்குள் கொண்டு வா, எல்லோரும் படிக்கட்டும் என்கிறது. வெளியிலிருந்து ஏற்றிய மாட்யூலுக்கு 'ஓ', மூடிய நிரலுக்கு 'பி' என்று கறை எழுத்து விழும். அந்த எழுத்தோடு அறிக்கை அனுப்பினால், அந்த மாட்யூல் இல்லாமல் ஒரு முறை விழவைத்துவிட்டு வாருங்கள் என்று கர்னல் குழுவினர் திருப்பி அனுப்புவது வழக்கம். கறாரான பதில்தான். ஆனால் துப்பறிதலின் முதல் கேள்வியும் அதுவே.

பாதுகாப்பு மென்பொருளைக் கர்னலுக்கு வெளியே நகர்த்தும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2025இல் கூட்டாளி நிறுவனங்களுக்கு முன்னோட்டமாகத் தரத் தொடங்கியது. லினக்ஸில் இபிபிஎஃப் என்ற வழி முன்பே இருக்கிறது: ஏற்றும் நிரலைக் கர்னல் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே ஓடவிடும். அதையும் முழுக் கவசம் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலைக்குச் சில வாரங்கள் முன்பு, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9.4இன் ஒரு கர்னலில், இபிபிஎஃப் வழியைப் பயன்படுத்திய அதே ஃபால்கன் சென்சாரின் பிராசஸ் ஓடும்போது பானிக் ஆவதாக ரெட் ஹேட் தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது.

அந்த இரண்டு சம்பவங்களிலும் சிஸ்டத்தை மீட்கும் வழி வெவ்வேறாக இருந்தது. ரெட் ஹேட் குடும்பத்தில் வழக்கமாக மூன்று கர்னல்கள் டிஸ்க்கில் இருக்கும். பூட் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் கணினி எழுந்துவிடும். வேறொரு மாட்யூல்தான் காரணம் என்றால் பூட் வரியிலேயே அதன் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடலாம். விண்டோஸில் ஃபால்கன், பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் டிரைவர். கணினி எழும்போதே விழுந்தது, ரீபூட் ஆகி மறுபடி விழுந்தது. ஒவ்வொரு கணினியின் முன்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் நுழைந்து, 291 என்ற எண் கொண்ட கோப்பைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணையும் முதலில் தட்டச்சு செய்ய வேண்டும். கிளவுடில் இருந்த விர்ச்சுவல் கணினிகளின் முன்னால் போய் உட்கார முடியாது. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வழிகளில் ஒன்று, திரும்பத் திரும்ப ரீபூட் செய்து பார்ப்பது. நெட்வொர்க் முந்திக்கொண்டு திருத்திய கோப்பைக் கொண்டுவந்துவிட்டால் கணினி பிழைக்கும், டிரைவர் முந்திக்கொண்டால் மறுபடி விழும். சிலருக்குப் பதினைந்து முறை வரை தேவைப்பட்டது.